ஊசியா, மாத்திரையா, ரத்தம் ஏற்றுவதா: சிறுநீரக நோயாளியின் ரத்தசோகைக்கு எந்த வழி?

அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 6.9 என்று வந்தது. அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில் அன்று மாலையே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மூச்சு வாங்காமல் அவர் மாடிப்படி ஏறியதைப் பார்த்து வீடே நிம்மதியடைந்தது. உடலில் இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து, மாற்றுச் சிறுநீரகம் பற்றி விசாரிக்க வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார்: "எத்தனை பிரசவம்மா? இதுவரைக்கும் எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க?"

கேள்வியின் பொருள் பிறகுதான் புரிந்தது. பிறருடைய ரத்தம் உள்ளே வரும்போது அதிலுள்ள வெள்ளணுக்களின் திசு அடையாளங்களுக்கு எதிராக நம் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். கருவுற்ற காலத்தில் குழந்தையின் வழியாகத் தந்தையின் திசு அடையாளங்களுக்கு எதிராகவும் இதே போல எதிர்ப்பொருள்கள் தோன்றலாம். பின்னர் ஏற்றப்படும் ரத்தம் அவற்றைத் தூண்டிவிடலாம். எதிர்ப்பொருள்கள் கூடக் கூட, பொருந்துகிற சிறுநீரகம் கிடைப்பது அரிதாகும். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற என் அக்காவுக்குத் தம் சிறுநீரகத்தைத் தர அத்தான் முன்வந்திருந்த நிலையில், அந்த இரண்டு பாட்டில் ரத்தம் சாதாரண விஷயம் இல்லை என்று அன்றுதான் உணர்ந்தோம். வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் இந்த ஆபத்தைக் குறைக்கக்கூடும், ஆனால் முழுவதும் நீக்குவதில்லை.

இந்த ரத்தசோகை ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் வழிகளை ஒப்பிட முடியும். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்க வைக்கும் எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோனில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதாகும்போது அந்தச் சுரப்பு தேவைக்கேற்ப உயர்வதில்லை. சிவப்பணுக்களின் ஆயுளும் வழக்கமான 120 நாளைவிடக் குறைகிறது. அதோடு ஹெப்சிடின் என்னும் மற்றொரு ஹார்மோன் உடலில் தேங்கி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும், சேமிப்பிலுள்ள இரும்பு வெளியே வருவதையும் தடுக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு, வடிகட்டியிலும் குழாய்களிலும் தங்கிவிடும் ரத்தத்தாலும், அடிக்கடி எடுக்கப்படும் பரிசோதனை ரத்தத்தாலும், ஆண்டுக்கு 1 முதல் 2 கிராம் வரை இரும்பு வெளியேறுகிறது.

ஆகவே இது சாப்பாட்டால் மட்டும் சரியாகும் குறை இல்லை. நம் வீடுகளில் "ரத்தம் கம்மி" என்ற சொல் காதில் விழுந்ததும் முருங்கைக்கீரைச் சாறு, பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை என்று அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஆட்டுச் சுவரொட்டியும் வரும். சிறுநீரகம் பழுதான உடலுக்கு இவற்றிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெரிய சுமை; பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அக்காவுக்கு அத்தை ஆசையாகக் கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவர் மனம் நோகாமல் விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது.

ரத்தம் ஏற்றுவதற்கு உரிய இடம் உண்டு. திடீர் ரத்தப்போக்கு, நெஞ்சுவலி, உயிருக்கு ஆபத்தான மூச்சுத்திணறல் போன்ற நேரங்களில் அதற்கு மாற்று இல்லை. ஒரு பாட்டில் ஏறக்குறைய 1 கிராம் ஹீமோகுளோபினை உயர்த்தும். 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பையும் கூடவே தரும். ஆனால் எலும்பு மஜ்ஜை அப்படியே கிடப்பதால் சில வாரங்களில் எண் மீண்டும் இறங்கிவிடுகிறது. 1989-இல் எரித்ரோபொய்ட்டின் ஊசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கும் வரை, டயாலிசிஸ் நோயாளிகளில் பலர் மீண்டும் மீண்டும் ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ்ந்தார்கள். அதனால் கல்லீரல் அழற்சித் தொற்றும், உறுப்புகளில் இரும்புப் படிவும் அவர்களைத் தொடர்ந்தன. அந்தக் காலத்து வழக்கத்தை இன்று முதல் தேர்வாகக் கொள்ள, அவசரநிலை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊசி வந்த கதை வியப்பானது. 1977-இல் யூஜீன் கோல்ட்வாசர் குழுவினர், ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து ஜப்பானில் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைத் துளியளவு பிரித்தெடுத்தார்கள். அதன் மரபணு கண்டறியப்பட்ட பின்னரே அதை ஆய்வகத்தில் பெருமளவில் தயாரிக்க முடிந்தது. இன்று இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. சாதாரண இபிஓ (எரித்ரோபொய்ட்டின்) ஊசி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். உடலில் கூடுதல் நாள் நிற்கும் டார்பிபொய்ட்டின் என்ற வகை வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். மாதம் ஒருமுறை போடும் வகையும் உண்டு. டயாலிசிஸ் எடுப்பவருக்கு எப்படியும் வாரம் மூன்று முறை இயந்திரத்தோடு தொடர்பு இருப்பதால், குழாய் வழியாகவே செலுத்திவிடலாம். தனியாகக் குத்த வேண்டியதில்லை.

ஊசியின் பலவீனம் இரண்டு. முதலாவது, குளிர்ச்சி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. முதல் முறை நான் ஐஸ்கட்டி நிரப்பிய பிளாஸ்க்கில் ஊசியை அப்படியே போட்டு, ஒரு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோனேன். சிஸ்டர் திறந்து பார்த்துவிட்டு, "ஐஸ் மேலேயே வைக்காதீங்க சார், உறைஞ்சா மருந்து வீணாகிடும், துணி சுத்தி வைங்க" என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது, கூடுதல் அளவின் ஆபத்து. ஹீமோகுளோபினை ஆரோக்கியமானவரின் அளவுக்கு உயர்த்தினால் நோயாளி நன்றாக இருப்பார் என்ற நம்பிக்கையோடு நடந்த பெரிய ஆய்வுகள் எதிர்மறையாக முடிந்தன. 2006-இல் வெளியான சாய்ர் ஆய்வில், 11.3 இலக்காக வைத்தவர்களைவிட 13.5 இலக்காக வைத்தவர்களுக்கு மரணமும் இதயப் பாதிப்பும் சேர்ந்த கணக்கு அதிகமாக இருந்தது. 2009-இல் வெளியான ட்ரீட் ஆய்வில் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள 4,038 பேர் பங்கேற்றார்கள். 13 என்ற இலக்கோடு ஊசி போட்டவர்களில் 101 பேருக்குப் பக்கவாதம் வந்தது, மற்ற பிரிவில் 53 பேருக்கு வந்தது. இவற்றின் பின்னணியில்தான் சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோ 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக 11.5-ஐத் தாண்டி உயர்த்த வேண்டாம் என்றும், 13-ஐ வேண்டுமென்றே தாண்டக் கூடாது என்றும் சொன்னது. பரிசோதனை அறிக்கையில் 10.8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "குறைவு" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பதறி, ஊசியைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஊசியோ, பின்னால் சொல்லப்போகும் புதிய மாத்திரையோ, இரும்பு இல்லாமல் எதுவும் பலிக்காது. என் பார்வையில் உண்மையான முதல் போட்டி வாய்வழி இரும்புக்கும் நரம்புவழி இரும்புக்கும்தான். பல குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன. இரும்பு மாத்திரை மலிவு, வீட்டிலேயே சாப்பிடலாம். ஆனால் ஹெப்சிடின் குடலின் கதவை அடைத்திருக்கும்போது உறிஞ்சப்படுவது சொற்பம். மலச்சிக்கலும் வயிற்றெரிச்சலும் கூடவே வரும். சாப்பாட்டோடு எடுக்கும் கால்சியம் மாத்திரையும், காபியும் தேநீரும் அந்தச் சொற்பத்தையும் குறைக்கும். டயாலிசிஸ் தொடங்காத ஒருவர் ஒன்று முதல் மூன்று மாதம் மாத்திரையை முயன்று பார்ப்பது நியாயம். டயாலிசிஸ் எடுப்பவருக்கு நரம்புவழி இரும்பே மேல் என்பதற்கு வலுவான சான்று உண்டு. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த பிவட்டல் ஆய்வில், சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 700-ஐயோ, ரத்தத்தில் சுழலும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 40 சதவீதத்தையோ எட்டாதவரை மாதம் 400 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸ் தாராளமாகக் கொடுக்கப்பட்ட பிரிவில் இபிஓ தேவையும் ரத்தம் ஏற்றும் தேவையும் குறைந்தன. மரணமும் இதயப் பாதிப்பும் சேர்ந்த கணக்கு 29.3 சதவீதம், இரும்பைத் தயங்கிக் கொடுத்த பிரிவில் 32.3 சதவீதம்.

டயாலிசிஸ் தொடங்காதவருக்கு நரம்புவழி இரும்பு தரும்போது ஒரு எச்சரிக்கை: பின்னாளில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) வைக்க வேண்டிய கையின் ரத்த நாளங்களைக் குத்திக் கெடுக்கக் கூடாது. பொதுவாக அது பழக்கமில்லாத கை, வலக்கைக்காரருக்கு இடக்கை. ஊசி போட வருபவரிடம் மறு கையின் புறங்கையை நீட்டத் தயங்க வேண்டாம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் இரும்பு ஏற்றுவதைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்பதும் முறையே.

இனி புதிய மாத்திரைகள். மலைமேல் ஏறும்போது ஆக்சிஜன் குறைந்தால் உடல் தானாகவே எரித்ரோபொய்ட்டினைக் கூட்டிக்கொள்கிறது. அந்த உணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே பொறிமுறையைத் தூண்டும் மாத்திரைகளில் ராக்ஸாடுஸ்டாட் 2018-இல் சீனாவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் சைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட், 'ஆக்ஸிமியா' என்ற பெயரில் 2022 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. வாரம் மூன்று முறை விழுங்கினால் போதும்; குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், குத்தல் வேண்டாம். ஹெப்சிடினைக் குறைத்து இரும்பைப் பயன்படுத்த உதவுகிறது என்பது கூடுதல் பலமாகச் சொல்லப்படுகிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்காமல், மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ள கிராமத்தில், வாராவாரம் ஊசி போட ஆள் தேட வேண்டிய ஒருவருக்கு இது பெரிய விடுதலை என்றே நினைக்கிறேன்.

ஆயினும் சான்றின் ஆழத்தில் ஊசியும் மாத்திரையும் சமமில்லை. டெசிடுஸ்டாட்டை ஊசியோடு ஒப்பிட்ட இரண்டு ட்ரீம் ஆய்வுகளிலும் ஹீமோகுளோபினை உயர்த்துவதில் அது பின்தங்கவில்லை. ஆனால் அவற்றில் பங்கேற்றவர்கள் 588 பேரும் 392 பேரும் மட்டுமே, கவனித்த காலம் 24 வாரம். மாரடைப்பும் பக்கவாதமும் பல ஆண்டுகளில் கூடுமா என்பதை இந்த அளவில் தீர்மானிக்க முடியாது. அமெரிக்க மருந்து ஆணையம் 2021-இல் ராக்ஸாடுஸ்டாட்டுக்கு ஒப்புதல் தர மறுத்தது. பின்னர் இதே வகையைச் சேர்ந்த மாத்திரைகளில் 2023-இல் டாப்ரோடுஸ்டாட்டையும் 2024-இல் வடாடுஸ்டாட்டையும் ஏற்றபோது, டயாலிசிஸில் சில மாதங்கள் இருந்தவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்து, ரத்தம் உறைதல், மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய எச்சரிக்கையையும் இணைத்தது. அண்மையில் பக்கவாதமோ ரத்தக்கட்டோ வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கும் முன் இவற்றை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்கும் மூளைக்கும் ஆபத்து என்னும் கவலையில் ஊசியும் விதிவிலக்கில்லை; ஆனால் ஊசியின் ஆபத்து எந்த எல்லையில் தொடங்குகிறது என்பதை முப்பது ஆண்டுக்கு மேலான அனுபவம் காட்டியிருக்கிறது.

ஆகவே டயாலிசிஸ் எடுப்பவருக்கு, நரம்புவழி இரும்போடு ஊசியையே முதலாவதாக நான் வைப்பேன். ஊசி பலிக்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன், கழுத்துக் குழாயில் தொற்று, குறைவான டயாலிசிஸ் நேரம், பாராதைராய்டு கோளாறு, பி12 குறைபாடு ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேட்பேன். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கும்வரை இரும்பைச் சரிசெய்வதே பல நேரங்களில் போதுமானது. அதற்குக் கீழே இறங்கி, ஊசிக்கு அலைய முடியாத நிலை என்றால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஊசியும் இரும்பும் அதற்குள் அடங்குகின்றனவா, வெளியே வாங்க வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாதக் கடைசியில் விட்டுப்போவது ஊசியாகத்தான் இருக்கும்.

அக்காவின் கோப்பில் இப்போது முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்று மூன்று கட்டங்கள், மேலே சிவப்பு மையில் ஒரு வரி: "மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர், அவசரமில்லாமல் ரத்தம் ஏற்ற வேண்டாம்." கடந்த மாத எண் 10.6. அத்தானோடு திசுப் பொருத்தம் பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.