இலங்கையில் கடற்கரைக் கல்யாணம்: ஏஜென்டை நம்பி நாங்கள் இழந்தது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வெளிநாட்டில் சின்னதாகக் கல்யாணம் வைக்கலாம் என்று பேசுகிற வீடுகள் இப்போது நம் ஊரிலும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் பேசினோம். 2024 ஜூனில் என் தங்கை கல்யாணத்துக்காக 9,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்.

தங்கைக்கு ஆடிட்டோரியம் கல்யாணத்தில் விருப்பமில்லை. ஆயிரம் பேர் வரிசையில் நிற்க, மணப்பெண் யாரிடமும் இரண்டு வார்த்தை பேச முடியாமல் சிரித்துக்கொண்டே நிற்பதைப் பெரியப்பா மகள் கல்யாணத்தில் பார்த்துவிட்டாள். கடலோரம், நெருங்கின சொந்தம் 40 பேர், அப்பா தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் எல்லோரும் மணலில் உட்கார்ந்து கதை பேச வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. மாப்பிள்ளைக்கு அயர்லாந்தில் வேலை, கிடைத்த லீவு பத்தே நாள். கொச்சி நெடும்பாசேரியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான். தென்னந்தோப்புக் காசை அப்பா இதற்கென்றே சேர்த்து வைத்திருந்தார்.

ஏஜென்டுக்குக் கொச்சியில் ஆபீஸ். நல்ல தமிழ் பேசினார். கொழும்புக்குத் தெற்கே பெந்தோட்டையில் ஒரு ஹோட்டல், புல்வெளியில் மேடை, பின்னால் கடல் என்று படங்கள் காட்டினார். மொத்தம் 14 லட்சம் சொன்னார். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஜூன்ல மழை வராதா?" அவர் சொன்ன பதில்: "இலங்கையும் தமிழ்நாடு மாதிரிதான் அம்மா, மழை ஐப்பசி கார்த்திகையில்தான்."

அது பாதி உண்மை, அதனால்தான் நம்பிவிட்டோம். ஐப்பசி மழை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும்தான் பிரதானம். தென்மேற்குக் கரையில் இருக்கிற பெந்தோட்டைக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அதாவது நம் இடவப்பாதி மழைதான் அங்கேயும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலேயே வளர்ந்த எங்களுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். சித்தூருக்குக் கிழக்கே மழை குறைவு என்பதால் இடவப்பாதியை நாங்கள் அவ்வளவாக நினைப்பதில்லையோ என்னவோ.

போய் இறங்கிய அன்றே கடல் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது, கரையில் சிவப்புக் கொடி. ஹோட்டலில் பரிமாறுகிற ஒரு தம்பி, ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பையன், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அண்ணா, இந்த மாசத்துல யாரும் இங்க வெளியில கல்யாணம் வைக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் நிலாவெளி, பாசிக்குடா போயிருக்கலாமே, அங்க இப்ப கடல் குளம் மாதிரி இருக்கும்." அதே நாட்டில், அதே மாதத்தில், கிழக்குக் கரையில் என் தங்கை நினைத்த கல்யாணம் நடந்திருக்கும். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மழையைக்கூட விதி என்று விடலாம். முதல் நாள் இரவு மேனேஜரிடம் மேடையை உள்ளே மாற்ற முடியுமா என்று கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் பெயரில் இருந்தது 16 அறைகளும் காலைச் சாப்பாடும் மட்டுமே. புல்வெளி இல்லை, மேடை இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டால், கல்யாணம் முடிந்து தர வேண்டிய பணத்தில் 4 லட்சத்தை இப்போதே அனுப்பினால்தான் ஆட்கள் வருவார்கள் என்றார். ராத்திரி பதினொரு மணிக்கு, அந்நிய ஊரில், 40 பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அனுப்பினேன். காலையில் நாலு மூங்கிலும் ஒரு துணியும் வந்தன. ஒன்பது மணிக்குக் காற்று துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. ஹோட்டல்காரர்கள் இரக்கப்பட்டுச் சாப்பாட்டு அறையில் மேஜைகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். நனைந்த வேட்டியோடு அப்பா தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்தது பதிவு. "அங்கேயே ரிஜிஸ்டர் செய்து சர்டிபிகேட் கையில் தருவோம்" என்று ஏஜென்ட் தனியாக 60,000 வாங்கியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, போசன் பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள், அரசு விடுமுறை. வருவதாகச் சொன்ன பதிவாளர் வரவில்லை. கையில் கிடைத்தது பூப்போட்ட அட்டையில் இரண்டு பெயரும் தேதியும். அரசு முத்திரை இல்லை. அங்கே கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்பவர் விவாகப் பதிவாளர், பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் வருபவர். அதற்கு அசல் ஆவணங்களை முன்கூட்டியே காட்ட வேண்டும். எங்களிடம் யாரும் ஒரு பிறப்புச் சான்றிதழ்கூடக் கேட்டதில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து பஞ்சாயத்தில் கேட்டால், கேரளாவில் நடந்த கல்யாணத்தைத்தான் இங்கே பதிவு செய்ய முடியும் என்றார்கள். தங்கையின் விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும், மாப்பிள்ளைக்கு லீவு இன்னும் மூன்று நாள். ஊர்க் கோயிலில் மறுபடியும் கல்யாணம் செய்ய வேண்டியதாயிற்று. கட்டின தாலியைக் கழற்றுவதா என்று அம்மா அழுதாள். குருக்கள்தான், அது அப்படியே இருக்கட்டும், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு ஒன்றைக் கூடவே கட்டலாம் என்று வழி சொன்னார். கோயில் சான்றோடு பஞ்சாயத்தில் பதிவு செய்தோம்.

டிசிஎஸ் (விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டுகிற வரி) என்று சொல்லி வாங்கிய 25,000 இன்னொன்று. வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் இந்த வரியைப் பிடிக்க வேண்டும் என்பது உண்மைதான், அப்போது 7 லட்சம் வரை 5 சதவீதம். ஆனால் பிடித்த பணம் நம் பான் எண்ணில், பிடித்த வரியைக் காட்டுகிற படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்க வேண்டும், வருமான வரிக் கணக்கில் திரும்பவும் கேட்கலாம். அப்பாவின் 26ஏஎஸ்-இல் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஏஜென்ட் ரொக்கமாக வாங்கி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஹோட்டலின் சொந்த இமெயிலுக்கு நீங்களே எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பேருக்குச் சாப்பாடு, மழை வந்தால் எந்த ஹால் என்று அவர்கள் வாயால் பதில் வாங்குங்கள். நான் ஒரு இமெயில் அனுப்பியிருந்தால் பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கும். சட்டப்படியான கல்யாணத்தை இங்கேயே கோயிலிலோ சப் ரிஜிஸ்திரார் ஆபீசிலோ முடித்துவிட்டு, அங்கே சந்தோஷத்துக்கு மட்டும் போங்கள். சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019 நுகர்வோர் சட்டப்படி ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் போட்டிருக்கிறேன். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், ஹோட்டல் கொடுத்த புக்கிங் நகல் எதையும் அழித்துவிடாதீர்கள். மேனேஜர் எழுதிக் கொடுத்த "அறைகள் மட்டும்" என்ற ஒரு வரிதான் இப்போது எங்கள் வழக்குக்கு ஆதாரம். என் மனுவின் நகல் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.