பிக்ஃபுட்: பேராசிரியர் கிராண்ட்ஸா, ரிக் டயரா?

வட அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகச் சிலர் நம்பும், குரங்கு போன்ற பெரிய உயிரினம்தான் பிக்ஃபுட். அதைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களின் முதல் குழப்பம், யார் பேச்சைக் கேட்பது என்பதுதான். அமெரிக்காவில் அதைத் தேடிய பேராசிரியர் குரோவர் கிராண்ட்ஸ், அதை வைத்து மோசடி செய்த ரிக் டயர் என்ற இரு எதிர்முனைகளை வைத்துப் பார்ப்போம்.

பணம்
கிராண்ட்ஸ்: வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானிடவியலாளர். இந்தத் தேடலால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது.
டயர்: 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிக்ஃபுட் உடல் கிடைத்ததாகச் சொன்னார், உறைபெட்டியில் இருந்தது ரப்பர் உடை. பிறகு 'ஹேங்க்' என்ற உடலைக் காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். 2014இல் அதுவும் போலி என்று ஒப்புக்கொண்டார். ஒருமுறை பிடிபட்டவரை நம்பி மறுபடியும் மக்கள் காசு கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆதாரம்
கிராண்ட்ஸ்: பிக்ஃபுட்டுடையவை எனப்பட்ட காலடித் தடங்களின் வார்ப்புகளில் கைரேகை போன்ற தோல்ரேகை தேடினார், காரணங்களை எழுதி வைத்தார். மற்றவர்களால் அவற்றைச் சோதித்து மறுக்க முடிந்தது.
டயர்: முதலில் செய்தியாளர் கூட்டம், சோதனை பிறகு.

ஆனால் நேர்மையானவர் சொன்னால் உண்மையாகிவிடாது. கிராண்ட்ஸ் ஏற்ற தடங்களைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. இன்றுவரை ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2002இல் இறந்த அவர் தன் உடலையே அறிவியலுக்குக் கொடுத்தார். எலும்புக்கூடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சான்றை எடைபோடக் கற்க விரும்பினால் கிராண்ட்ஸைப் படியுங்கள். மோசடி எப்படி விலைபோகிறது என்று அறிய டயரின் கதை போதும்.