38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் கேரம் சேனலை நாசம் பண்ணிட்டாங்க, யாரும் ஏமாறாதீங்க

வயிறு எரிகிற எரிச்சலில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறவர்களுக்கு உருப்படியாக நாலு விஷயம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் 38,500 ரூபாய் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் பேரைச் சொல்லப் போவதில்லை. பேரைப் போட்டால் கேஸ் போடுவோம் என்று இன்றைக்கே மிரட்டிவிட்டார்கள். வடசென்னையில் ஒரு கடைக்கு மேல் மாடியில் ஒரு ஏசி ரூம், ரிங் லைட், ரெண்டு லேப்டாப், ‘உங்க சேனலை நாங்க வளர்த்துத் தர்றோம்’ என்று ஒரு போர்டு. இந்த மாதிரி இடங்கள் இப்போது தெருவுக்குத் தெரு முளைக்கின்றன, அதனால் பேர் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

நான் தண்டையார்பேட்டை. மணலி பக்கம் ஷிப்டு வேலை, மிச்ச நேரமெல்லாம் கேரம். எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை, தெருமுனையில் ஒரு பல்பைக் கட்டி போர்டைப் போட்டால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆட்டம் ஓடும். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரமில் மூணு தங்கம் வாங்கி வந்ததிலிருந்து சின்னப் பசங்க, முக்கியமாகப் பொண்ணுங்க, நிறைய பேர் கற்றுக்கொடுங்கள் என்று வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சேனல் யோசனை வந்தது. போனை ஸ்டாண்டில் மாட்டி மேலிருந்து போர்டு முழுதும் தெரிகிற மாதிரி வைத்து, கட் எப்படி அடிப்பது, டபுள் எப்படி, பேஸ் லைனுக்குக் கீழே கிடக்கிற காயினைக் கட்டைவிரலால் எப்படி எடுப்பது, ரெட் காயினைப் போட்டதும் ஃபாலோவை, அதாவது அதற்கு அடுத்துப் போட வேண்டிய நம் காயினை, எப்படிக் கணக்குப் பண்ணி வைத்திருப்பது என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். முந்நூறு சொச்சம் சப்ஸ்கிரைபர். கம்மிதான், ஆனால் எல்லாம் நிஜ ஆளுங்க. ‘அண்ணா, ஈர நாள்ல பவுடர் எவ்ளோ போடணும்?’ என்று கேட்பான் ஒருத்தன், அடுத்த வீடியோவில் பதில் சொல்வேன்.

வருமானம் வர யூடியூப் வைத்திருக்கிற கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களை மட்டும் ஒரு கோடி தடவை பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி நேரத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கும். அந்த மலைப்பைத்தான் இவன்கள் வியாபாரம் ஆக்குகிறான்கள்.

விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனேன். அங்கே இருந்த ஆளுக்கு என்னைவிட வயசு கம்மி. உள்ளே நுழைந்ததுமே ‘வாங்கண்ணா, உங்க வீடியோ பாத்துட்டுதான் உக்காந்திருக்கேன்’ என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். நிஜமாகவே என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ‘எங்கப்பா ராயபுரத்துல பெரிய கேரம் பிளேயருண்ணா, அவர் கை மாதிரியே இருக்கு உங்க கை. ஊர்ல எவனும் இதைச் சொல்லித் தரல, நீங்க எங்கயோ போயிருவீங்க’ என்றான். டீ வாங்கி வரச் சொன்னான், பன்னும். இன்னொரு சேனலின் கணக்கைத் திறந்து, போன மாத வருமானம் என்று டாலரில் ஒரு தொகையைக் காட்டினான். சுவரில் சில்வர் பட்டன் மாட்டியிருந்தது, ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர் வந்தால் யூடியூப் அனுப்புகிற அதே மாதிரி. உண்மையான பட்டனில் சேனல் பேர் இருக்கும். இதில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மாலை தொங்கியது! சாமி படத்துக்குப் போடுகிற மாதிரி மரியாதைக்குப் போட்டிருக்கிறான் என்றுதானே எவனும் நினைப்பான்.

மூணு மாசத்தில் மானிட்டைசேஷன், அதாவது யூடியூப் விளம்பரப் பணம் வர அனுமதி, கையில், வரவில்லையென்றால் முழுப் பணமும் வாபஸ். இதுதான் வாக்கு. முதலில் 10,000 ரொக்கம். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினான், காப்பி அப்புறம் தருகிறேன் என்றான். மீதி 28,500 ஜிபேயில், ஆபீஸ் கணக்குக்கு இல்லை, வேறு யாரோ ஒரு பேருக்கு. பில் கேட்டேன். ‘பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும்ணா, உங்க காசை எதுக்கு கவர்மெண்டுக்குத் தரணும்’ என்றான். என் காசு மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. மொத்தம் 38,500, மகள் பள்ளிக்கூடப் பீசுக்காக எடுத்த சீட்டுப் பணம். அப்புறம் ‘எங்க டீம் உள்ள போய் செட்டிங் பண்ணணும்ணா’ என்று ஜிமெயில் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டான்.

முதல் வாரம் சப்ஸ்கிரைபர் ஜிவ்வென்று ஏறியது. என்ன பாஷை என்றே தெரியாத பேர்கள், முகம் இல்லாத கணக்குகள், எல்லா வீடியோவுக்கும் கீழே ‘நைஸ் வீடியோ சார்’. தெருவில் பசங்க விசில் அடித்தார்கள். அப்புறம் ஒரு நாள் சேனலைத் திறந்தால் நான் போடாத வீடியோக்கள் கிடக்கின்றன. பழைய சினிமா காமெடி காட்சிகளை ஒட்டி ஒட்டி மணிக்கணக்கில் ஓடுகிற மாதிரி. என் கேரம் சேனலில்! கேட்டால், ‘வாட்ச் அவர் ஏத்தறதுக்குண்ணா, மானிட்டைசேஷன் வந்ததும் எடுத்துருவோம்’ என்றான். எடுப்பதற்கு முன்னாலேயே படத்தின் உரிமைக்காரர் புகார் பண்ணி காப்பிரைட் ஸ்டிரைக், அதாவது அடுத்தவர் படத்தைப் போட்டதற்கு யூடியூப் கொடுக்கிற எச்சரிக்கை, வந்துவிட்டது. 90 நாளில் மூணு வாங்கினால் சேனலே போய்விடும், எனக்கு அதற்குள் ரெண்டு. ஏற்றிவிட்ட சப்ஸ்கிரைபர்களையும் யூடியூப் போலி என்று கழித்துவிட்டது. அதில் யூடியூப் மேல் எனக்குக் கோபம் இல்லை, சப்ஸ்கிரைபரையும் வியூவையும் காசுக்கு வாங்கக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அந்த விதி தெரிந்தே கடை போட்டு விற்கிறான் பாருங்கள், அவனைச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. ‘சர்வர் அப்டேட் ஆகுதுண்ணா.’ ‘அல்காரிதம் மாறிடுச்சுண்ணா, எல்லாருக்கும் இதே பிரச்சினை.’ ‘டீம் பாத்துட்டிருக்கு.’ போன் பண்ணினால் ஒரு பொண்ணு எடுத்து ‘சார் ஷூட்டிங்ல இருக்கார்’ என்று சொல்லும். வாட்ஸ்அப்பில் ஒரே டிக், பிளாக் பண்ணிவிட்டான். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்டதும் கட். நடுவில் ஒரு நாள் அவனே கூப்பிட்டான், பணம் தருவானோ என்று எடுத்தால், இன்னும் 12,000 கட்டினால் ‘பிரீமியம் பிளான்’, ஸ்டிரைக்கை எடுத்துத் தருகிறேன் என்கிறான். அவனால் வந்த ஸ்டிரைக்கை எடுக்க அவனுக்கே காசு!

இன்றைக்கு நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து வந்தான். பணம் வாபஸ் என்று சொன்னாயே என்றதும் ‘நோ ரீஃபண்ட்னு அக்ரிமெண்டுல இருக்கு, நீங்கதான் கையெழுத்து போட்டீங்க’ என்றான். காப்பி எங்கே என்றால் பதில் இல்லை. கடைசியாக அந்த ஏசி ரூமில் நாலு பேர் முன்னால், ‘கண்டென்ட் வீக்ணா. கேரமெல்லாம் யாரு பாப்பா?’ என்றான். அப்பா கை மாதிரி இருக்கிறது என்று சொன்ன அதே வாய். 38,500-ஐ விட அதுதான் ஆறவில்லை. கூட வந்த மச்சான் இழுத்துக்கொண்டு வந்திருக்காவிட்டால் இந்தப் பதிவை வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். எடிட்டிங்குக்கு ஆள் வைத்தால் யூடியூப் ஸ்டுடியோ செட்டிங்ஸில் ‘பெர்மிஷன்ஸ்’ என்று இருக்கிறது, அவருடைய ஜிமெயிலைச் சேர்த்து எடிட்டர் என்று மட்டும் கொடுக்கலாம், வேண்டாமென்றால் ஒரே தட்டில் நீக்கலாம். காலேஜ் படிக்கிற அக்கா பையன் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற போன், லேப்டாப் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடுங்கள். ரிக்கவரி நம்பர் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள், என்னுடையதில் அவன் நம்பர் இருந்தது. மானிட்டைசேஷனுக்கு விண்ணப்பிக்க யூடியூப் ஒரு பைசா வாங்குவதில்லை. ஷார்ட்ஸ் போட்டுத் தள்ளினால் 4,000 மணி நேரம் நிரம்பிவிடும் என்பதும் புளுகு, ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கிறது அந்தக் கணக்கில் சேராது. விளம்பரம் கொடுத்து ஓட்டுகிற வியூவும் சேராது. பில் இல்லாமல் காசு தராதீர்கள். இன்னும் எழுத நினைத்திருந்தேன், லைட்டிங், தம்ப்நெயில், மைக் எல்லாம், இப்போது மனசு இல்லை.

ரெண்டு சினிமா வீடியோவையும் அழித்துவிட்டேன். அழித்தாலும் ஸ்டிரைக் 90 நாள் நிற்கும். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-இல் புகார் சொல்லியாகிவிட்டது, நாளைக்குக் காலையில் ஷிப்டு முடிந்ததும் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். 28,500-க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 10,000-க்கு மச்சான்தான் சாட்சி. இதே மாதிரி மாடி ஆபீசில் பில் இல்லாமல் பணம் கட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய் எழுதிக் கொடுப்போம்.