40,000 பவுண்டு எந்த வண்டிக்கு? ஃபோர்டு, ராம், செவ்ரோலே இழுவைத் திறன் ஒப்பீடு

2024 பிக்கப் மாடல்களில் ஃபோர்டு எஃப்-450 40,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். ராம் 3500க்கு 37,090, செவ்ரோலே சில்வராடோ 3500 ஹெச்டிக்கு 36,000. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 18,100, 16,800, 16,300. மூன்றுமே கூஸ்நெக் ட்ரெய்லருக்கான கணக்கு; அதாவது பிக்கப்பின் சரக்குத் தளத்தில் உள்ள பந்தில் மாட்டும் ட்ரெய்லர். மூன்றுமே ஒற்றை வரிசை இருக்கை, பின்சக்கர இழுவை, பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம், உச்ச டீசல் எஞ்சின் கொண்ட வண்டிக்கு உரியவை. நான்கு கதவும் நாற்சக்கர இழுவையும் கேட்டு வாங்குபவருக்கு அந்த எண் பொருந்தாது.

எண் பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைச் சோதனை விதிப்படி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், ஏசியை முழுக்க ஓடவிட்டு, 11.4 மைல் தூரமும் இரட்டைச் சக்கர வண்டி மணிக்கு 35 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். எஞ்சினும் ரேடியேட்டரும் தாங்குமா என்பதை இது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் கூஸ்நெக்குக்கும், அதே தளத்தில் தட்டு போன்ற இணைப்பில் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்கும் ட்ரெய்லர் எடையில் 15 சதவீதம்தான் கொக்கியில் இறங்குவதாக அந்த விதி எடுத்துக்கொள்கிறது. குடும்பத்தோடு தங்கும் ஃபிஃப்த் வீல் கேம்பரில் 20 முதல் 25 சதவீதம் இறங்கும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்பது அதில்தான் உள்ளது. 14,000 பவுண்டு மொத்த எடை வரம்புள்ள ஒரு வண்டி வெறுமனே 8,600 இருந்தால், மிச்சம் 5,400. நான்கு பேருக்கு 700, ஹிட்ச்சுக்கு 200, கருவிப்பெட்டிக்கு 300 கழித்தால் 4,200. கொக்கியில் 22 சதவீதம் இறங்கினால் ட்ரெய்லர் 19,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இழுவை எண் 30,000க்கு மேல் இருந்தாலும் இதுதான் கதி. சன்ரூஃப், மின்சார இருக்கை என்று மேல் ரகத்துக்குப் போகப் போக ஸ்டிக்கர் எண் இன்னும் குறையும்.

ராம் 2500 டீசல் இதைவிட மோசம். எஞ்சின் இழுத்துவிடும்; மொத்த வரம்பு 10,000 பவுண்டுதான் என்பதால் நடுத்தர ஃபிஃப்த் வீலுக்கே ஸ்டிக்கர் தீர்ந்துபோகும். அதற்கு இரட்டைச் சக்கர 3500 எடுப்பதே சரி.

பண்ணைச் சுமை, இயந்திரம் ஏற்றிய கூஸ்நெக் என்றால் எஃப்-450தான் முதல் தேர்வு. 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி டார்க், 19.5 அங்குல வணிக டயர், அகலமான முன் ஆக்சிலால் குறுகிய திருப்பம். வெறும் வண்டியாக ஓட்டும்போது குலுக்கல் அதிகம், டயர் விலையும் கூடுதல். 2024 ராமின் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் 420 குதிரைத்திறன்தான். 1,075 பவுண்டு-அடியும், புகையைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இருப்பதால் நீண்ட இறக்கத்தில் நம்பிக்கை தரும். 470 குதிரைத்திறன், 975 பவுண்டு-அடி கொண்ட சில்வராடோவுக்கு முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்பதால், தினசரி ஓட்டத்துக்கு அதுவே இதம்.

எதை வாங்கினாலும் தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு லாரி நிறுத்தத்தின் எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். 60 கேலன் தண்ணீரே 500 பவுண்டு. கேம்பர் கையேட்டில் அச்சிட்டிருப்பது காலி எடை. ட்ரெய்லரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை நிறுத்துங்கள். ட்ரெய்லர் மாட்டியபோது பிக்கப்பின் இரண்டு ஆக்சில்களிலும் சேர்ந்து எவ்வளவு எடை அதிகரித்ததோ, அதுவே கொக்கியில் இறங்கும் பாரம். வண்டியின் பின்முனையில் மாட்டும் பம்பர் ஹிட்ச் ட்ரெய்லரில் அது ட்ரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். சரக்கை முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி எடை போடுங்கள்.