இராமநாதபுரத்தில் ஒரு சிறிய கண் பரிசோதனை நிலையம்

பாம்பனில் வசிக்கும் என் அத்தைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. கடந்த ஆடி மாதம், சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் நெளிந்து தெரிவதாக அவர் சொன்னபோது, வயதானால் வரும் கோளாறு என்றே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். முதலில் போன கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு 1,800 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகும் சுவர் நெளிந்தேதான் தெரிந்தது.

அதன் பிறகே இந்த நிலையத்துக்குச் சென்றோம். மருத்துவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, "அம்மா, இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன், பெரிய வைத்தியம் நடந்திருக்கா?" என்று கேட்டார். அத்தை தயங்கி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதிலும் கண்ணுக்கு வந்த இடத்தில் மார்பைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். நான்தான் சொன்னேன்.

உடனே சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும் வரை அரைமணி நேரம் காத்திருக்கச் செய்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு விழித்திரையின் ஓரம் வரை நிதானமாகப் பார்த்தார். மூடிய இமையின்மேல் கருவியை வைத்து ஸ்கேனும் எடுத்தார். பிறகு ரசீதின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கியதை மறக்க முடியாது. விழித்திரைக்குப் பின்னால் இரத்த நாளங்கள் அடர்ந்த கோராய்டு என்னும் படலம் இருக்கிறது; இரத்தத்தின் வழியே பரவும் புற்றணுக்கள் கண்ணுக்குள் பெரும்பாலும் அங்கேதான் தங்குகின்றன; பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் வருவதே அதிகம். வெளிர்மஞ்சள் திட்டாகத் தெரியும் அந்தக் கட்டியால் நீர் கோத்து விழித்திரை மேலெழும்புவதால்தான் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்றும், பலருக்கு வலியே இருக்காது என்றும் சொன்னார்.

தானே முடிவு கட்டாமல், மதுரையிலுள்ள பெரிய கண் மருத்துவமனைக்கும், அத்தைக்கு முன்பு வைத்தியம் பார்த்த புற்றுநோய் மருத்துவருக்கும் அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். கண்ணை மட்டும் பார்த்தால் போதாது, வேறு உறுப்புகளிலும் பரவியிருக்கிறதா என்று உடல் முழுவதையும் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மதுரையில் அவர் சந்தேகித்ததே உறுதியாயிற்று. கண்ணுக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து, மாத்திரைகளும் தொடர்கின்றன. சுவரின் நெளிவு இப்போது குறைந்திருப்பதாக அத்தை சொல்கிறார்.

குறைகளும் உண்டு. காத்திருக்க ஆறு நாற்காலிகள்தான். கடிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் அத்தையால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்காற்றில் பாலத்தைக் கடக்கத் துணிவின்றி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பி, மறுநாள் நான் மட்டும் போய் எடுத்துவந்தேன்.