கீவேக்கு சிமெட்ரியா, பொசிஷனா?

30 மி.மீ. துளை உள்ள ஹப் (ஷாஃப்டில் மாட்டும் சக்கரத்தின் நடுப்பகுதி). அதை ஷாஃப்டோடு சேர்த்துச் சுழல வைக்கும் 8 மி.மீ. கீ என்ற கட்டை, ஹப்பிலுள்ள கீவே என்ற காடிக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும். கீவே துளைக்கு நட்ட நடுவில் இருக்க வேண்டும் என்று பழைய டிராயிங்கில் சிமெட்ரி (நடுவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற சமச்சீர் குறி) 0.03 மி.மீ. போட்டிருந்தது. திருத்தம் என் கைக்கு வந்தபோது அதை எடுத்துவிட்டுப் பொசிஷன் 0.03 போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குள் எம் (கீவே அதன் குறைந்தபட்ச அகலத்தைவிட அகன்றால், அந்த அளவுக்குச் சலுகையும் கூடும் என்ற குறி) சேர்த்தேன்.

இரண்டிலும் 0.03 என்பது மொத்த அகலம். நடுவிலிருந்து பக்கத்துக்கு 0.015தான். பக்கத்துக்கு 0.03 என்று படிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது, பாகத்தை எப்படிச் சோதிப்பது என்ற ஒன்றுதான். அமெரிக்க டிராயிங் தரமான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5 முறையில் சிமெட்ரி என்றால், எதிரெதிர்ச் சுவர்களில் எடுக்கும் ஒவ்வொரு புள்ளி ஜோடியின் நடுப்புள்ளியும் அந்த 0.03க்குள் விழ வேண்டும். ஒரு சுவரில் ஓரிடத்தில் மட்டும் 0.04 பள்ளம் இருந்தால் அங்கே நடுப்புள்ளி 0.02 நகர்ந்துவிடும், பாகம் ரிஜெக்ட். கீக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு வழுக்கும். பொசிஷன் பார்ப்பது வேறு: கீவேக்குள் நுழையக்கூடிய மிக அகலமான இணைப்பலகையின் நடுத்தளம் எங்கே நிற்கிறது என்பதை. கீயும் அப்படித்தானே உட்கார்கிறது?

அடுத்தது எம். சிமெட்ரியில் அதற்கு இடமில்லை. கீவே அகலம் டி10 என்ற தளர்வான பொருத்தம், அதாவது 8.040 முதல் 8.098 வரை. 8.040ல் இருந்தால் 0.03 மட்டுமே, 8.098 வரை அகன்றால் 0.088 கிடைக்கும். டேட்டம் (அளவுக்கு ஆதாரம், இங்கே துளை) எழுத்துக்கும் எம் போட்டால் கேஜ் மிக எளிது: 30.000 பிளக், அதில் 8.010 அகல நாக்கு. உள்ளே போனால் நடு சரி. அகலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிமெட்ரிக்கோ ஒவ்வொரு பாகத்தையும் சிஎம்எம்முக்கு (புள்ளி தொட்டு அளக்கும் மெஷின்) அனுப்பி, இரண்டு சுவரிலும் புள்ளி தொட்டு, ஜோடி சேர்த்துக் கணக்கிட வேண்டும். மெஷின் பக்கத்தில் நின்றபடி ஆபரேட்டர் செய்கிற வேலை அல்ல அது.

எல்லா இடத்திலும் எம் போடச் சொல்லவில்லை. ஷாஃப்டில் கீ இறுக்கமாக உட்காரும் என்9, பி9 கீவேக்கு வெறும் பொசிஷன் போதும். இடைவெளியே இல்லாத இடத்தில் கூடுதல் சலுகையால் பயனில்லை. அதிவேகமாகச் சுழலும் பாகங்களில் எடைச் சமநிலைக்காகச் சிமெட்ரியே வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வகைப் பாகங்களை நான் அதிகம் வரைந்ததில்லை. பேலன்சிங் அளவை நேராகக் குறிப்பிடுவதே தெளிவு என்று மட்டும் தோன்றுகிறது.

ஐ.எஸ்.ஓ. டிராயிங் வந்தால் இந்த வாதத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 1101ல் சிமெட்ரி உயிரோடு இருக்கிறது, எம் சேர்க்கவும் வழி உண்டு. எம் இல்லாமல் வெறும் குறியீட்டை மட்டும் பொசிஷனாக மாற்றினால் அங்கே லாபம் ஒன்றுமில்லை.

ஏ.எஸ்.எம்.இ. பக்கம் சிமெட்ரி 1982ல் வெளியேறி, 1994ல் திரும்பி வந்து, 2018 பதிப்பில் மறுபடியும் நீக்கப்பட்டது. ஆகவே முதலில் டைட்டில் பிளாக்கில் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2009 என்றிருந்தால் அந்தச் சிமெட்ரி செல்லும். கொட்டேஷனில் சிஎம்எம் நேரத்தையும் சேர்த்தே விலை போடுங்கள்.