ஹைட்ரேஞ்சியாவா, தவிட்டுச் செடியா?

குன்னூரில் எங்கள் வீட்டு முன்புறம் கொஞ்சம் சரிவான இடம். அங்கே புதர்ச்செடி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது மூன்று பெயர்கள் அடிபட்டன: பூவுக்காக வைக்கும் ஹைட்ரேஞ்சியா, அசேலியா, நம் மலையிலேயே தானாக வளரும் தவிட்டுப்பழச் செடி. மூன்றையும் வைத்து நான்கு வருஷம் ஆகிறது. இன்றைக்கு யார் கேட்டாலும் தவிட்டுச் செடியைத்தான் முதலில் சொல்வேன்.

மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். தேயிலை வளர்கிற நம்ம ஊர் அமில மண் மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளும். வேலிக்கு உண்ணிச்செடி போதுமே என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அது காட்டை எப்படி அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது மசினகுடி ரோட்டில் ஒரு தடவை போனாலே தெரியும்.

அசேலியா பூத்தால் இலையே தெரியாது, அவ்வளவு பூ. ஆனால் வேர் மேல்மண்ணிலேயே ஓடுவதால் சீக்கிரம் காய்ந்துவிடும். இலையும் நஞ்சு, ஆடு வளர்க்கிற வீட்டுக்கு ஆகாது. நாங்கள் வைத்தது ஒரே ஒரு செடி, அதை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஹைட்ரேஞ்சியாவின் பெரிய வசதி, காசே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த ஆறு குச்சிகளும் மழையில் வேர் பிடித்தன. நான்கு செடிகள் நல்ல நீலமாகப் பூத்தன. புதுசாகக் கட்டிய தடுப்புச்சுவரை ஒட்டி வைத்த இரண்டு மட்டும் ரோஸ் நிறம். ஒரே தாய்ச்செடிதான். மண்ணில் அமிலம் இருந்தால்தான் பூ நீலமாகும்; சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ஒரு ஜனவரியில் வேலைக்கு வந்தவர் ரோஜாவோடு சேர்த்து இதையும் கழித்துவிட்டார். பழைய கிளையில்தான் மொட்டு இருக்கும், அதனால் அந்த வருஷம் பூவே இல்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது தண்ணீர். டிசம்பரில் மழை நின்றால் கோடை மழை வரும்வரை எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான். மார்ச் மாதம் காலை 11 மணிக்கே ஹைட்ரேஞ்சியா இலை துணி மாதிரித் துவண்டு தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்தாலும் மறுநாள் அதே கதை. செடிக்கு அரைக் குடம் என்றால் ஆறுக்கும் மூன்று குடம், அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். அம்மா குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் கை வைக்க வேண்டி வந்தது. துணி துவைத்த தண்ணீரை ஊற்றலாம் என்றால் சோப்பில் இருக்கும் காரம் இதற்கு ஆகாது.

அதே வெயிலில் பத்தடி தள்ளி நின்ற தவிட்டுச் செடிகளில் ஓர் இலைகூட வாடவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளையாக, தொட்டால் வெல்வெட் போல நுண்மயிர். மேல்பக்கம் தடித்துப் பளபளக்கும். நம் மலையின் புல்வெளியிலும் சோலை ஓரத்திலும் தானாக வளர்கிற செடி; இந்த வெயிலும் காற்றும் அதற்குப் பழக்கம். முதல் வருஷம் தவிர நான் தனியாகத் தண்ணீர் விட்டதே இல்லை. கோடையில் ரோஸ் நிறத்தில் பூத்து, நாள் போகப் போக வெளுக்கும். நடுவில் கேசரங்கள் கொத்தாகச் சிலிர்த்து நிற்கும். மழையோடு கருநீலப் பழம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் நாக்கு ஊதா நிறமாகிவிடும். மிச்சத்தைக் கொண்டைக்குருவிகள் பார்த்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. வளர்வது மெதுவாக. ஓரடிக் கன்றாக வைத்தது மூன்றாம் வருஷம்தான் பூத்தது. இப்போது என் இடுப்பளவு. ஆளுயரம் தாண்டும் என்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. நிழல் ஆகவே ஆகாது. வடக்குப் பார்த்த, வெயில் படாத ஓரம் என்றால் ஹைட்ரேஞ்சியாவே சரி. ஆனால் ஊட்டியில் காந்தல், தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் பள்ளத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள், ஹைட்ரேஞ்சியாவின் நுனி மொட்டுகள் பனியில் கருகிவிடும். தவிட்டுச் செடியை நான் குன்னூர்க் குளிரில் மட்டும்தான் வளர்த்திருக்கிறேன்.

கன்றுக்காகக் காட்டில் தோண்டாதீர்கள், அது குற்றம். நாட்டுச் செடி வளர்க்கிற நர்சரியில் கேட்டு வாங்குங்கள். ஜூன் மழை பிடித்ததும் ஒன்றரை அடிக் குழி, மக்கின சாணம், ஐந்தடி இடைவெளி போதும்.

ஹைட்ரேஞ்சியாவில் நான்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் இரண்டு மட்டும் இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த நீலம் வேண்டுமாம்.